கினிப் பன்றிக்காகத் தோண்டிய கல்லறை

2004 அக்டோபர். இங்கிலாந்தின் ஸ்டாஃபர்ட்ஷயர் பகுதியில் யாக்ஸல் என்றொரு கிராமம். அங்கே செயின்ட் பீட்டர்ஸ் தேவாலயத்தை ஒட்டிய கல்லறைத் தோட்டத்தில் ஒரு கல்லறையை யாரோ இரவோடு இரவாகத் தோண்டிப் போட்டிருந்தார்கள். உள்ளே புதைத்திருந்த உடலின் மிச்சங்களைக் காணவில்லை. ஏழு வருடங்களுக்கு முன்னால், 82 வயதில் இறந்துபோன ஒரு பாட்டியின் கல்லறை அது. நகைக்காகத் தோண்டவில்லை, மாந்திரீகமும் இல்லை. பாட்டியின் மருமகன் பக்கத்து ஊரில் கினிப் பன்றி வளர்த்தார். அதுதான் காரணம்.

கினிப் பன்றி என்பது பன்றியும் இல்லை, கினி நாட்டைச் சேர்ந்ததும் இல்லை. ஆண்டிஸ் மலைப்பக்கத்திலிருந்து ஐரோப்பாவுக்கு வந்த, வாலில்லாத, சாதுவான ஒரு கொறிக்கும் பிராணி. காசநோய்க் கிருமியை ராபர்ட் கோக் 1882இல் அடையாளம் காட்டியபோது, அவருடைய கூண்டுகளில் இருந்தவற்றில் இதுவும் உண்டு. யாரையாவது வைத்து ஒன்றைச் சோதித்துப் பார்த்தால் நாம் 'சோதனை எலி ஆக்கிவிட்டார்கள்' என்கிறோம். ஆங்கிலேயர் அந்த இடத்தில் கினிப் பன்றியைச் சொல்வார்கள்.

நியூசர்ச் என்ற அந்தப் பக்கத்து ஊரில் இருந்த டார்லி ஓக்ஸ் பண்ணை, முப்பது வருடங்களுக்கும் மேலாக ஆய்வகங்களுக்குக் கினிப் பன்றிகளை வளர்த்து விற்றது. அண்ணன் தம்பியாக நடத்திய குடும்பப் பண்ணை. 1999இல் உள்ளே புகுந்த சிலர் ஏறக்குறைய 600 கினிப் பன்றிகளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அதன் பிறகு ஆறு வருடம் அந்தக் குடும்பத்துக்குத் தூக்கம் இல்லை. பகலில் வாசலில் நின்று கோஷம் போட்டவர்கள் ஒரு வகை. அது அவர்களுடைய உரிமை, அதில் யாருக்கும் சண்டையில்லை. இருட்டில் வந்தவர்கள் இன்னொரு வகை. ஜன்னலில் செங்கல், தபாலில் மிரட்டல், நடுராத்திரியில் போன், போலி வெடிகுண்டு, இன்னார் குழந்தைகளிடம் தவறாக நடப்பவர் என்று அக்கம்பக்கத்துக்கெல்லாம் மொட்டைக் கடிதம்.

இதில் யார் வீட்டு ஜன்னல் உடைந்தது என்று பார்த்தால்தான் விஷயம் புரியும். முதலில் முதலாளி வீடு. அப்புறம் பண்ணையில் வேலை செய்தவர்கள் வீடு. அப்புறம் வீட்டைக் கூட்டிப் பெருக்க வந்த பெண், எரிபொருள் கொண்டுவந்து கொடுத்தவர், அந்தக் குடும்பத்தார் மாலையில் போய் உட்காரும் மதுக்கடை, அவர்கள் விளையாடும் கோல்ஃப் கிளப். கினிப் பன்றியை ஒருமுறைகூடத் தொட்டிராதவர்கள் இவர்கள். கல்நெஞ்சக்காரர்கள் என்பதற்காக அல்ல, விலகிக்கொள்வது சுலபம் என்பதற்காகவே இவர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். வட்டம் விரிந்துகொண்டே போய்க் கடைசியில் செத்துப்போன பாட்டியிடம் வந்து நின்றது.

2005 ஆகஸ்டில் குடும்பம் பணிந்தது. வருடக் கடைசியோடு கினிப் பன்றி வளர்ப்பதை நிறுத்திவிடுகிறோம், பாட்டியின் உடலைத் திருப்பிக் கொடுங்கள் என்று அறிவித்தது. கேட்டது கிடைத்த பிறகும் உடல் திரும்பவில்லை. 2006இல் நான்கு பேர் மிரட்டிப் பணியவைக்கச் சதி செய்ததாகக் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். அவர்களில் ஒருவர் இடத்தைக் காட்டிக்கொடுத்த பிறகே, அந்த மே மாதத்தில், ஒரு காட்டுக்குள்ளிருந்து போலீஸ் மிச்சங்களைத் தோண்டி எடுத்தது. மாதக் கடைசியில் பாட்டியை இரண்டாவது முறையாக அடக்கம் செய்தார்கள். மூன்று ஆண்களுக்குத் தலா 12 ஆண்டு சிறை, ஒரு பெண்ணுக்கு 4 ஆண்டு.

விலங்குகளின் வலியைப் பார்த்து மனம் கசிந்தவர்கள் இங்கே எப்படி வந்து சேர்ந்தார்கள்? பைத்தியக்காரர்கள் என்று ஒரு வார்த்தையில் தள்ளிவிடலாம். அவர்கள் பைத்தியக்காரர்கள் இல்லை. படிப்படியாக வந்த பாதை இது, ஒவ்வொரு படிக்கும் ஒரு தர்க்கம் இருந்தது.

பிரிட்டனில் 1963இல் வேட்டைத் தடுப்பாளர் சங்கம் உருவானது. நரி வேட்டைக்குக் கிளம்பும் கூட்டத்தின் குறுக்கே போய், வேட்டை நாய்களின் மோப்பத்தைக் குழப்பி, கொம்பு ஊதி, வேட்டையைக் கெடுப்பார்கள். அதில் இருந்த ரோனி லீ என்ற இளைஞருக்கும் அவருடைய தோழர்களுக்கும் அது போதவில்லை. 1970களின் தொடக்கத்தில் தனிக் குழு கட்டி, வேட்டைக்காரர்களின் வண்டிகளில் கைவைத்தார்கள். 1973இல் மில்டன் கீன்ஸில் கட்டிக்கொண்டிருந்த ஓர் ஆய்வகக் கட்டடத்துக்குத் தீ வைத்தார்கள். லீ சிறைக்குப் போனார். வெளியே வந்து 1976இல் விலங்கு விடுதலை முன்னணியைத் தொடங்கினார். ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து ஏ.எல்.எஃப். என்பார்கள்.

முன்னணி என்று பெயர்தானே தவிர, அதற்குத் தலைமையகம் இல்லை, உறுப்பினர் அட்டை இல்லை, சந்தா இல்லை. விலங்குகளை மீட்பது, அவற்றை வைத்துச் சம்பாதிப்பவர்களுக்குப் பொருள் நஷ்டம் உண்டாக்குவது, உள்ளே நடப்பதை அம்பலப்படுத்துவது, இதையெல்லாம் மனிதர் உட்பட எந்த உயிருக்கும் ஊறு வராமல் செய்வது. இந்த விதிகளுக்கு உட்பட்டு ஒரு காரியத்தைச் செய்துவிட்டுச் சுவரில் அந்த மூன்று எழுத்தை எழுதினால் நீங்களும் ஏ.எல்.எஃப். ஒருவரைப் பிடித்தால் இன்னொருவரைப் பற்றி அவருக்கே தெரிந்திருக்காது. போலீஸுக்குத் தலைவலியான அமைப்பு முறை.

அமைப்புக்கும் அதில் ஒரு பெரிய வசதி உண்டு. யாராவது ஆளைக் காயப்படுத்திவிட்டால், விதியை மீறிய அந்தக் கணமே அவர் ஏ.எல்.எஃப். இல்லை என்று ஆகிவிடுகிறார். கணக்கு எப்போதும் சுத்தமாக இருக்கும். ரத்தம் சிந்தக்கூடிய காரியங்களுக்கு வேறு பெயர்கள் கிளம்பின. 1982இல் பிரதமர் மார்கரெட் தாட்சரின் அலுவலகத்துக்கு வந்த தபால் குண்டுக்கு 'விலங்குரிமைப் படை' என்ற பெயரில் பொறுப்பேற்றார்கள். 1984இல் மார்ஸ் சாக்லேட்டில் விஷம் கலந்திருக்கிறோம் என்று மிரட்டல் வந்தது. குரங்குகளை வைத்துப் பல் சொத்தை ஆராய்ச்சி நடந்ததற்குப் பழிவாங்கல். விஷம் என்பது புரளி, ஆனால் கடைகளிலிருந்து சாக்லேட்டை அள்ளிக்கொண்டு போக வேண்டியிருந்தது நிஜம்.

1990 ஜூனில் பிரிஸ்டலில் நடந்தது புரளி இல்லை. விலங்கு ஆராய்ச்சியில் இருந்த ஒரு விஞ்ஞானியின் காருக்கு அடியில் வைத்த குண்டு வெடித்தது. விஞ்ஞானி தப்பித்துவிட்டார். தள்ளுவண்டியில் அந்தப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்த 13 மாதக் குழந்தை காயப்பட்டது.

விலங்குகளுக்கே கெடுதலாகப் போன கதையும் உண்டு. 1998 ஆகஸ்டில் ஹாம்ப்ஷயரில் ஒரு மிங்க் பண்ணையின் கூண்டுகளைத் திறந்து சுமார் 6,000 மிங்குகளை வெளியே விட்டார்கள். மிங்க் என்பது கீரி போல் ஒல்லியான, வட அமெரிக்காவிலிருந்து வந்த மாமிசம் தின்னி, ரோமத்துக்காக வளர்ப்பது. பிறந்ததிலிருந்து கூண்டில் இருந்ததற்கு வேட்டையாடிப் பழக்கமில்லை, ஆனால் பல்லும் பசியும் இருந்தன. பலவற்றை ஊர்க்காரர்கள் சுட்டார்கள், பல வண்டியில் அடிபட்டன, மீதி சுற்றுவட்டாரப் பறவைகள் மேலும் வளர்ப்புப் பிராணிகள் மேலும் பாய்ந்தன. விடுதலை செய்தவர்கள் அதற்குள் வீடு போய்ச் சேர்ந்திருப்பார்கள். விலங்கு நல அமைப்புகளே இதைக் கண்டித்தன. ரோமப் பண்ணைகளை இங்கிலாந்தில் கடைசியில் மூடவைத்தது 2000ஆம் ஆண்டு பாராளுமன்றத்தில் நிறைவேறிய சட்டம்.

இந்தப் பாதையின் துயரமான முகம் பாரி ஹார்ன். கடைகளில் தீக்குண்டு வைத்ததற்காக 1997இல் 18 ஆண்டு தண்டனை பெற்றவர். விலங்குப் பரிசோதனை பற்றி விசாரிக்க ஓர் உயர்மட்ட ஆணையம் அமைப்போம் என்று எதிர்க்கட்சியாக இருந்தபோது லேபர் கட்சி சொன்னதை நிறைவேற்று என்று கேட்டு, 1998இல் சிறையில் 68 நாள் உண்ணாவிரதம் இருந்தார். கண்பார்வை போயிற்று, உடம்பு பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை. அவர் செத்தால் பத்துப் பேரைக் கொல்வோம் என்று வெளியில் இருந்தவர்கள் அறிவித்தார்கள். 2001 நவம்பரில், இன்னொரு உண்ணாவிரதத்தில், இறந்துபோனார். ஒருவர் தன் உடம்பையே பணயம் வைத்துக் கேட்ட கேள்வி, அந்தப் பத்துப் பேர் பட்டியலுக்கு அடியில் புதைந்துபோனது.

சரி, இப்போது ஹண்டிங்டனுக்கு வருவோம். முழுக் கதையின் மையமே அங்கேதான்.

ஹண்டிங்டன் லைஃப் சயன்சஸ் கேம்பிரிட்ஜ்ஷயரில் இருந்த ஒப்பந்த ஆய்வு நிறுவனம். மருந்து, பூச்சிக்கொல்லி, உணவில் சேர்க்கும் ரசாயனம் என்று மற்ற கம்பெனிகள் தயாரிப்பதையெல்லாம் எலி, நாய், குரங்குகளிடம் கொடுத்துப் பார்த்து அறிக்கை தருவது அதன் தொழில். விருப்பப்பட்டு யாரும் இதைச் செய்வதில்லை. புது மருந்தை மனிதருக்குக் கொடுக்கும் முன் விலங்கில் சோதித்த கணக்கைக் காட்டு என்று அரசாங்கங்களே கேட்டன. நான் தினமும் விழுங்கும் ரத்த அழுத்த மாத்திரையும் அப்படி ஏதோ ஒரு கூண்டைத் தாண்டி வந்ததுதான். இதைச் சொல்லாமல் இந்த விவகாரத்தில் யாரையும் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை.

1997 மார்ச்சில் சேனல் 4 தொலைக்காட்சி ஒரு ஆவணப்படம் ஒளிபரப்பியது. அந்த ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்து, ரகசியக் கேமராவில் எடுத்து வந்த காட்சிகள். ஊசி போடுவதற்கு ரத்தக்குழாய் கிடைக்கவில்லை என்று பீகிள் நாய்க்குட்டிகளை ஊழியர்கள் உலுக்குகிறார்கள், முகத்தில் குத்துகிறார்கள். அறிவியல் தேவை என்று எந்த விஞ்ஞானியும் இதற்கு வக்காலத்து வாங்க முடியாது. இரண்டு ஊழியர்கள் மீது வழக்கு நடந்து தண்டனையும் கிடைத்தது. கம்பெனியின் பெயர் நாறியது, பங்கு விலை விழுந்தது, வாடிக்கையாளர்கள் ஓடினார்கள். ஒரு கேமராவால், ஒரு ஜன்னல்கூட உடையாமல் நடந்த காரியம் இது.

1999 நவம்பரில் 'ஹண்டிங்டன் விலங்குக் கொடுமையை நிறுத்து' என்ற பெயரில், ஷாக் என்ற சுருக்கத்தோடு ஒரு இயக்கம் தொடங்கியது. தொடங்கியவர்களுக்கு அனுபவம் இருந்தது. ஆய்வகங்களுக்கு பீகிள் நாய் வளர்த்த ஒரு பண்ணையை 1997இல் மூடவைத்திருந்தார்கள். பூனை வளர்த்த ஹில்குரோவ் பண்ணையும் 1999இல் மூடியது, அங்கிருந்த சுமார் 800 பூனைகளுக்கு வீடு கிடைத்தது. ஹண்டிங்டன் பெரிய மீன். நேரடியாக மோதினால் முள்வேலியும் போலீசும் இருக்கும். அதனால் அவர்கள் கம்பெனியை விட்டுவிட்டு, அது எதன் மேல் நிற்கிறதோ அதைத் தட்டினார்கள்.

ஒரு வங்கி அதிகாரி என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வங்கிக்கு ஆயிரக்கணக்கான கணக்குகள், அதில் இந்த ஆய்வகமும் ஒன்று. ஒரு நாள் காலையில் எழுந்தால் உங்கள் காரில் பெயின்ட் அரிப்பான் ஊற்றியிருக்கிறது. கேட்காத பீட்சா, கேட்காத டாக்ஸி எல்லாம் வீட்டுக்கு வருகிறது. உங்கள் மகள் படிக்கும் பள்ளியின் பெயர் இணையத்தில் இருக்கிறது. ஆய்வகத்தின் கணக்கை விட்டுவிட்டால் இவ்வளவும் நாளைக்கே நின்றுவிடும் என்று ஒரு கடிதம். உங்கள் வங்கிக்கு அந்தக் கணக்கு லாபத்தில் ஒரு துளி. ஆய்வகத்துக்கு அது மூச்சு. நீங்கள் என்ன செய்வீர்கள்? பெரும்பாலானவர்கள் செய்ததையேதான் செய்வீர்கள்.

ராயல் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்து 2001 ஜனவரியில் 2 கோடியே 26 லட்சம் பவுண்டு கடனைப் புதுப்பிக்காமல் கழன்றுகொண்டது. அமெரிக்காவில் ஆர்கன்ஸாவைச் சேர்ந்த ஸ்டீஃபன்ஸ் என்ற நிறுவனம் வந்து கைகொடுத்ததும், கடலைத் தாண்டி ஷாக் அங்கேயும் போயிற்று, ஸ்டீஃபன்ஸும் விலகியது. பங்குத் தரகர்கள் விலகினார்கள். காப்பீட்டை ஏற்பாடு செய்துவந்த மார்ஷ் விலகியது, கணக்குத் தணிக்கை செய்த டிலாய்ட் விலகியது. கடைசியில் எந்தத் தனியார் வங்கியும் கணக்கு வைத்துக்கொள்ளத் தயாராக இல்லாததால், நாட்டின் மத்திய வங்கியான பேங்க் ஆஃப் இங்கிலாந்து ஒரு கணக்கைத் திறந்து கொடுத்தது. அரசாங்கமே காப்பீடும் கொடுத்தது. பங்குதாரர்களின் பெயர் வெளியே தெரியக்கூடாது என்று கம்பெனி தன் பதிவை அமெரிக்காவின் மேரிலாந்துக்கு மாற்றிக்கொண்டது. 2005 செப்டம்பரில் நியூயார்க் பங்குச் சந்தையில் அதைப் பட்டியலிட இருந்தார்கள். அன்று காலை, வியாபாரம் தொடங்கக் கொஞ்ச நேரமே இருக்கும்போது, பங்குச் சந்தை ஒத்திவைத்துவிட்டது. உலகத்தின் பெரிய பங்குச் சந்தை, கையில் துண்டுப் பிரசுரம் வைத்திருக்கும் கூட்டத்துக்கு அஞ்சியது.

எனவே இந்த வழி பலிக்கவே பலிக்காது என்று சொல்கிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறார்கள். பலித்தது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் கட்ட இருந்த குரங்கு ஆராய்ச்சி மையத்தை 2004 ஜனவரியில் கைவிட்டது. அதே வருடம் ஆக்ஸ்ஃபோர்டில் புது ஆய்வகம் கட்டிக்கொண்டிருந்த ஒப்பந்ததாரர் பாதியில் போட்டுவிட்டுப் போனார். எந்தத் தொழிலும் நூறு பேருடைய சின்னச் சின்ன ஒத்துழைப்பில்தான் நிற்கிறது, அந்த நூறு பேருக்கும் அதில் பெரிய பிடிப்பு ஒன்றும் இல்லை என்பதை இவர்களைப் போல் புரிந்துகொண்டவர்கள் குறைவு.

ஆனால் அந்தக் கெட்டிக்காரத்தனத்துக்குள்ளேயே ஓட்டையும் இருந்தது. விலங்குரிமை பேசுகிறவர்களின் வாதத்தைச் சுருக்கினால் இவ்வளவுதான்: தனக்குச் சம்பந்தமில்லாத ஒரு காரியத்துக்காக, தன் சம்மதம் இல்லாமல், ஓர் உயிரைக் கருவியாகப் பயன்படுத்தாதே. மறுத்துப் பேசக் கஷ்டமான வாதம். வீடு கூட்ட வந்த பெண்ணின் ஜன்னலில் கல் விழுந்தபோதும், வங்கி குமாஸ்தாவின் மகளுடைய பள்ளிப் பெயர் இணையத்தில் ஏறியபோதும், இறந்த பாட்டியின் எலும்பைப் பேரம் பேசியபோதும் அவர்கள் செய்தது அதே காரியம். ஆய்வகம் எலியை நடத்தியதுபோல் இவர்கள் மனிதர்களை நடத்தினார்கள். இந்த இயக்கத்துக்கு நவீனத் தத்துவ அடித்தளம் போட்டவர்களில் முக்கியமானவரான பீட்டர் சிங்கர், வன்முறையைத் திரும்பத் திரும்பக் கண்டித்தவர்.

2001 பிப்ரவரியில் ஹண்டிங்டனின் நிர்வாக இயக்குநர் பிரையன் காஸை அவர் வீட்டு வாசலில் வைத்துக் கோடாரிக் காம்புகளால் தாக்கினார்கள். தலை உடைந்தது. ஷாக் இதில் எங்களுக்குச் சம்பந்தமில்லை என்றது. பிடிபட்ட ஒருவருக்கு மூன்று ஆண்டு சிறை. அதன் பிறகு வந்த வருடங்களில் பொதுமக்களின் மனம் மெல்லத் திரும்பியது. கல்லறைச் சம்பவத்தோடு அது சுத்தமாகக் கைவிட்டுப் போனது.

ஆக்ஸ்ஃபோர்டில் நடந்ததைப் பாருங்கள். முகத்தை மறைத்துக்கொண்ட தொழிலாளர்களை வைத்து 2005 கடைசியில் கட்டட வேலை மறுபடி தொடங்கியிருந்தது. ஒப்பந்ததாரரின் பெயர்கூட ரகசியம். 2006 ஜனவரியில் ஊர் சுற்றிப் பார்க்க வந்த 16 வயதுப் பையன் ஒருவன் விலங்குரிமையாளர்களின் ஊர்வலத்தைப் பார்த்தான். ஒரு அட்டையைத் தேடிப் பிடித்து, ஆய்வகத்தைக் கட்டுங்கள் என்ற பொருளில் மார்க்கரால் எழுதி, ஊர்வலத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான். பேராசிரியர்கள் வாய் திறக்கப் பயந்த விஷயம் அது. அடுத்த மாதம் 25ஆம் தேதி அவன் தொடங்கிய அமைப்பின் பேரணியில் ஆயிரம் பேர் அளவில் நடந்தார்கள். மே மாதம் பிரதமர் டோனி பிளேர் விலங்குப் பரிசோதனையை ஆதரிக்கும் மனுவில் கையெழுத்திட்டார். ஆய்வகம் 2008இல் திறந்தது. தலைமறைவாக இயங்குகிற ஒரு கும்பலிடம் ஒரு நாடே பயந்துகொண்டிருந்த நிலை, ஒரு அட்டைத்துண்டில் உடைய ஆரம்பித்தது என்றால் மிகையில்லை.

அரசாங்கம் சும்மா இருக்கவில்லை. 2005இல் கொண்டுவந்த ஒரு சட்டத்தில், விலங்கு ஆய்வு நிறுவனத்துக்குத் தீங்கு செய்யும் நோக்கில் அதனுடைய ஒப்பந்தங்களில் தலையிடுவதையே தனிக் குற்றமாக்கினார்கள். வேறு எந்தத் தொழிலுக்கும் இப்படி ஒரு கவசம் கிடைக்கவில்லை. 2007 மே 1 அன்று பிரிட்டன், நெதர்லாந்து, பெல்ஜியம் மூன்று நாடுகளில் சுமார் 700 போலீசார் ஒரே நேரத்தில் புகுந்து 32 பேரைக் கைது செய்தார்கள். 2009 ஜனவரியில் வின்செஸ்டர் நீதிமன்றம் ஷாக் அமைப்பினர் ஏழு பேருக்கு 4 முதல் 11 ஆண்டு வரை சிறை விதித்தது. பயன்படுத்திய நாப்கின் பொருட்களை எச்.ஐ.வி. ரத்தம் என்று சொல்லித் தபாலில் அனுப்பியதெல்லாம் அந்த வழக்கில் வெளியே வந்தது. 2014இல் ஷாக் கடையைக் கட்டியது.

அமெரிக்காவில் கதை கொஞ்சம் வேறு மாதிரி. அங்கே எனக்கு அரசாங்கத்தின் மேலும் சங்கடம் உண்டு. அமெரிக்க ஷாக் கிளையின் ஆறு பேரும் அந்த அமைப்பும் 2006இல் நியூ ஜெர்சியில் தண்டனை பெற்றார்கள். கல்லெறிந்ததற்காக அல்ல, பெரும்பாலும் ஒரு இணையதளத்தை நடத்தி, முகவரிகளைப் போட்டு, தாக்குதல்களைக் கொண்டாடியதற்காக. பேச்சுரிமை எங்கே முடிகிறது, மிரட்டல் எங்கே தொடங்குகிறது என்று சட்டக் கல்லூரிகள் விவாதிக்கிற வழக்காக அது ஆயிற்று. மேல்முறையீட்டு நீதிமன்றம் 2009இல் தண்டனையை உறுதி செய்தது. இதற்கிடையில் 2006 நவம்பரில், தலைப்பிலேயே 'பயங்கரவாதம்' என்ற சொல்லோடு ஒரு விலங்குத் தொழில் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 2005இல் எஃப்.பி.ஐ. அதிகாரி ஒருவர், சூழலியல், விலங்குரிமை இயக்கத்தினரே நாட்டின் முதல் உள்நாட்டுப் பயங்கரவாத ஆபத்து என்று செனட்டில் சொன்னார். பத்தே வருடத்துக்கு முன் ஓக்லஹாமாவில் ஒரு வலதுசாரித் தீவிரவாதி வைத்த குண்டில் 168 பேர் செத்த நாடு அது. விலங்குரிமைக்காரர்கள் அங்கே தீ வைத்திருக்கிறார்கள், வீட்டுக்குள் தண்ணீர்க் குழாயைத் திறந்து விட்டிருக்கிறார்கள். கொலை செய்ததில்லை.

பிரிட்டிஷ் போலீசின் கையும் சுத்தமில்லை. 1980களில் பாப் லாம்பர்ட் என்ற போலீஸ்காரர் பொய்ப் பெயரில் லண்டன் ஏ.எல்.எஃப். ஆட்களோடு வருடக்கணக்கில் பழகினார். அப்படிப் பழகிய ஒரு பெண்ணோடு குழந்தையும் பெற்று, ஒரு நாள் மாயமாக மறைந்தார். 2014இல் அந்தப் பெண்ணுக்கு லண்டன் போலீஸ் 4,25,000 பவுண்டு இழப்பீடு கொடுத்தது. 1987இல் ஒரு கடையில் தீக்குண்டு வைத்ததே அவர்தான் என்று 2012இல் எம்.பி. ஒருவர் பாராளுமன்றத்தில் குற்றம் சாட்டினார். லாம்பர்ட் மறுத்தார்.

அப்படியானால் சட்டத்தை மீறியது எல்லாமே ஒரே தட்டில் வைக்க வேண்டியதா? இந்த இடத்தில் பென்சில்வேனியா பல்கலைக்கழகம் குறுக்கே வருகிறது. 1984இல் ஏ.எல்.எஃப். அங்கே தலைக்காய ஆய்வகம் ஒன்றுக்குள் புகுந்தது. விலங்கு எதையும் எடுக்கவில்லை. ஆராய்ச்சியாளர்களே பதிவு செய்து வைத்திருந்த அறுபது மணி நேரத்துக்கும் மேலான வீடியோ நாடாக்களை எடுத்துக்கொண்டு போனது. பபூன் குரங்குகளின் தலையை இயந்திரத்தில் பொருத்தி உலுக்கியதும், அரைகுறை மயக்கத்தில் கிடந்த குரங்கைப் பார்த்து அறையில் இருந்தவர்கள் சிரித்ததும் அதில் இருந்தன. பீட்டா அதைச் சுருக்கி ஊர் ஊராகப் போட்டுக் காட்டியது. அடுத்த வருடம் அரசு அந்த ஆய்வுக்குப் பணத்தை நிறுத்தியது. ஆய்வக விலங்குகளுக்கான சட்டமும் 1985இல் இறுகியது. திருட்டுதான், சந்தேகமில்லை. ஆனால் யார் வீட்டுக் கதவையும் தட்டாத திருட்டு. மூடிய கதவுக்குப் பின்னால் நடந்ததை வெளியே கொண்டுவந்தது. பார்த்தவர்கள் தாங்களாகவே முடிவு செய்தார்கள். 1997 ஹண்டிங்டன் படமும் அதே ஜாதி.

சட்டத்தின் பக்கமே போகாமல் காரியம் சாதித்தவரும் உண்டு. ஹென்றி ஸ்பிரா, நியூயார்க்கில் பள்ளி ஆசிரியர், பழைய கப்பல் தொழிலாளி, தொழிற்சங்கக்காரர். அழகுசாதனத்தை முயலின் கண்ணில் விட்டு எரிச்சல் பார்க்கும் சோதனைக்கு எதிராக 1980இல் நியூயார்க் டைம்ஸில் ஒரு முழுப் பக்க விளம்பரம் போட்டார். ரெவ்லான் கம்பெனியைப் பெயர் சொல்லிக் கேட்டார். அதற்கு முன்பே கம்பெனிக்காரர்களிடம் உட்கார்ந்து பேசிப் பார்த்தவர்தான். கடைசியில் மாற்று வழிகளை ஆராய ரெவ்லான் 7,50,000 டாலர் கொடுத்தது, மற்ற கம்பெனிகளும் பின்னால் வந்தன. 2013இல் ஐரோப்பிய ஒன்றியம் விலங்கில் சோதித்த அழகுசாதனத்தின் விற்பனையையே தடை செய்தது. 2014இல் இந்தியாவும் அந்தச் சோதனையைத் தடை செய்தது. இவ்வளவுக்கும் யாருடைய காரிலும் பெயின்ட் அரிப்பான் ஊற்ற வேண்டியிருக்கவில்லை.

எண்ணிக்கையையும் ஒருமுறை பார்த்துவிடலாம். பிரிட்டனில் விலங்குகளில் நடந்த பரிசோதனைகள் 2000இல் ஏறக்குறைய 27 லட்சம். ஷாக் மூடிய மறு வருடம், 2015இல், 41 லட்சம். மரபணு மாற்றிய எலிகளை வளர்ப்பதும் அந்தக் கணக்கில் சேரும் என்பதால் இந்த ஏற்றம். 2023இல் மறுபடி 27 லட்சத்துக்கு அருகில் இறங்கியது. டார்லி ஓக்ஸ் மூடியதால் கினிப் பன்றிக்கான தேவை மூடிவிடவில்லை, வாங்கும் இடம்தான் மாறியது.

ஹண்டிங்டன் கம்பெனி 2015இல் இன்னொரு நிறுவனத்தோடு சேர்ந்து என்விகோ என்று பெயர் மாற்றிக்கொண்டது. 2019இல் தன் ஆய்வுக்கூடத் தொழிலை கோவன்ஸ் நிறுவனத்துக்குக் கொடுத்துவிட்டு, அவர்களிடமிருந்து ஆய்வுக்கான விலங்குகளை வளர்க்கும் தொழிலை வாங்கியது. அதில் வர்ஜீனியா மாநிலத்தின் கம்பர்லாண்டில் இருந்த பீகிள் பண்ணையும் அடக்கம். அங்கே பீட்டாவின் ஆள் ஒருவர் வேலைக்குச் சேர்ந்து எடுத்த காட்சிகள், அரசுக் கால்நடை ஆய்வாளர்கள் பக்கம் பக்கமாக எழுதி வைத்த குறைகள் இரண்டும் சேர்ந்து 2022இல் நீதிமன்றத்துக்குப் போயின. அந்தக் கோடையில் 3,776 பீகிள்கள் லாரி லாரியாக வெளியே வந்து வீடுகளுக்குப் போயின. 2024இல் கம்பெனி குற்றத்தை ஒப்புக்கொண்டு மூன்றரைக் கோடி டாலருக்கும் மேல் கட்டியது. முகமூடியோடு பதினைந்து வருடம் சுற்றியவர்களால் முடியாததை, கையில் பேனாவோடு போன ஆய்வாளர்கள் செய்தார்கள்.

இன்றைய இயக்கத்தில் ஒரு பகுதி இதிலிருந்து பாடம் படித்திருக்கிறது. இவர்கள் முகத்தை மூடுவதில்லை. 2017இல் அமெரிக்காவின் யூட்டாவில் ஸ்மித்ஃபீல்ட் நிறுவனத்தின் பிரம்மாண்டமான பன்றிப் பண்ணைக்குள் வெய்ன் ஷியுங் என்ற வழக்கறிஞரும் தோழர்களும் நுழைந்தார்கள். தங்கள் முகம் தெரியவே படம் எடுத்தார்கள், நோய்வாய்ப்பட்ட இரண்டு பன்றிக்குட்டிகளைத் தூக்கிக்கொண்டு வெளியேறினார்கள், பிறகு அந்தப் படத்தை உலகத்துக்குக் காட்டினார்கள். இரண்டு குட்டிகளைத் தேடி எஃப்.பி.ஐ. ஆட்கள் விலங்குக் காப்பகங்களுக்குப் போய், மரபணுச் சோதனைக்காகப் பன்றியின் காதில் ஒரு துண்டை வெட்டி எடுத்தார்கள். 2022 அக்டோபரில் வழக்கு ஜூரியிடம் வந்தது. பண்ணையின் உள்ளே எடுத்த காட்சிகளில் பெரும்பாலானவற்றைக் காட்டக்கூடாது என்று நீதிபதி சொல்லிவிட்டார். ஷியுங் தனக்காகத் தானே வாதாடினார்: எடுத்தேன், மறுக்கவில்லை, சாகக் கிடந்த அந்தக் குட்டிகளுக்கு உங்கள் கணக்கில் என்ன விலை?

யூட்டா ஜூரி, குற்றமில்லை என்றது. அடுத்த வருடம் கலிஃபோர்னியாவில் வேறு பண்ணைகளுக்குள் நுழைந்த வழக்கில் இன்னொரு ஜூரி, குற்றவாளி என்றது. 90 நாள் சிறை.